கோட்டுக்கு அடியில் வசிப்போர்

நாம் உலகின் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பது ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதன் பிறகுதான் அதைத் தீர்மானிக்க ஓர் இயக்ககம் ஏற்படுத்தினார்கள்.

உலக நாடுகள் எல்லாம் ஒரு குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் கூடி, பூமி ஒட்டுமொத்தமாக நிர்வகிக்கத் தோதுப்படாத அளவுக்குப் பெரியதாக இருப்பதைக் கவலையோடு குறிப்பிட்டு, அதைப் பிராந்தியங்களாகப் பிரித்துக்கொள்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தன. ஒவ்வொரு பிராந்தியமும் தான் எதுவரை என்பதைத் தானே சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்துக்கான பொறுப்பு பிராந்திய வரையறை இயக்ககத்தின் தலையில் விழுந்தது.

மூன்று தளக் கட்டடம். கீழே சான்றிதழ் சாளரம். நடுவில் ஒரு நீண்ட நடைகூடம். அதன் ஒரு கோடியில் நில அமைப்புப் பிரிவு, மறு கோடியில் பண்பாட்டுப் பிரிவு. மேலே இயக்குநர். நடைகூடத்தின் மத்தியில், இரண்டு பிரிவுகளும் தங்களுடையது இல்லை என்று எழுத்து மூலம் கைவிட்ட ஓர் அறையில், ஜன்னலோரம் சாய்வு மேசை போட்டு வரைவாளர் உட்கார்ந்திருந்தார். பழைய நில அளவைத் துறையையும் சேர்த்து முப்பது ஆண்டு சர்வீஸ். கணினிகள் வந்திருந்தன, ஆனால் எல்லைகள் ‘கையால், அழியாத மையால்’ வரையப்பட வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்ததால் அவை பெட்டியைவிட்டு வெளியே எடுக்கப்படவில்லை.

ஒன்பதாம் ஆண்டு இறுதியில் வரையறை தயாரானது. ‘பொதுவான நில அமைப்பாலும் பகிர்ந்துகொள்ளப்பட்ட பண்பாட்டாலும் இயல்பாகவே ஒன்றுபட்டதும், அவ்வாறு வேறெதனோடும் ஒன்றுபடாததுமான நிலப்பரப்பு.’ இதில் ‘இயல்பாகவே’ என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு ஆண்டு பிடித்தது. அதை வலியுறுத்திச் சேர்க்க வைத்தவர்கள் பதினாறு பேர்.

மேற்கே கடல் இருந்ததால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. கிழக்கே எங்கே முடிகிறோம் என்பதுதான் கேள்வி. நில அமைப்புப் பிரிவின் தலைவர், ஊழியர்கள் மத்தியில் மலைக்காரர் என்று அறியப்பட்டவர், மலைத்தொடரோடு முடிகிறோம் என்று ஒரு கோப்பு அனுப்பினார். பண்பாட்டுப் பிரிவுக்கு ஒரு அம்மாள் தலைவி. பண்பாட்டம்மா என்று பெயர். அவர் கேள்வித்தாள் தயாரித்து ஊர் ஊராக அனுப்பியிருந்தார். விருந்தாளிகளை மதிப்பீர்களா, பெற்றோரைப் பேணுவீர்களா, உறவினர்களைப் பற்றி அவர்கள் போன பிறகுதான் பேசுவீர்களா என்பது போன்ற முப்பத்தொன்பது கேள்விகள். அவற்றுக்கு மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கடல் கடந்த தீவுகள் எல்லாவற்றிலிருந்தும் ‘ஆம், எங்கள் தனிச்சிறப்பே அதுதான்’ என்ற ஒரே பதில் வந்து தொலைத்தது. நாற்பதாவது கேள்விதான் மானத்தைக் காப்பாற்றியது. ‘பக்கத்து வீட்டில் சண்டை நடந்தால் உங்கள் வீட்டு வானொலியை என்ன செய்வீர்கள்?’ நம்மவர்கள் சத்தத்தைக் குறைப்பதாக எழுதியிருந்தார்கள். கிழக்கே இருந்தவர்கள் கூட்டுவதாக எழுதியிருந்தார்கள். இரண்டு பழக்கங்களும் சந்திக்கும் இடம் மலையிலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டர் இப்பால் இருந்தது.

“மலை பொய் சொல்லாது மேடம்,” என்றார் மலைக்காரர், இயக்குநர் முன்னிலையில்.

“மலை பேசவே பேசாது சார். அப்புறம் எங்கேர்ந்து பொய் சொல்லும்?” என்றார் பண்பாட்டம்மா.

இயக்குநர் இருவரையும் சமமாகப் பார்த்தார். “ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். அதனால ரெண்டுக்கும் நடுவுல போட்டுடுங்க.”

அப்படியாக எல்லைக்கோடு, மலையும் இல்லாத, வானொலி வித்தியாசமும் இல்லாத ஓர் இடத்தில் வந்து நின்றது.

வரைவாளருக்கு இதில் அவசரம் இருந்தது. அவருடைய ஒரே மகளுக்குப் பிராந்தியக் கூட்டுக் கல்லூரியில் வானிலை படிக்க இடம் கிடைத்திருந்தது. நாற்பது இடம், எண்ணூறு பேர் எழுதிய தேர்வு. பெண் பன்னிரண்டு வயதிலிருந்தே மொட்டை மாடியில் காற்றுமானி கட்டி வைத்து, அம்மா காயப்போட்ட துணியெல்லாம் எந்தத் திசைக்குப் பறக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தவள். கல்லூரியில் பிராந்தியவாசிகளுக்கு மட்டுமே அனுமதி. மாதம் முடிவதற்குள் பிராந்தியவாசிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கோடு போடாமல் பிராந்தியம் இல்லை. பிராந்தியம் இல்லாமல் சான்றிதழ் இல்லை. ஆகவே மூன்றாம் தேதி காலையில், சர்வீஸில் முதல் தடவையாக, தேநீர் வருவதற்கு முன்பே அவர் பேனாவைத் திறந்தார்.

போட்டு முடித்து மேலே எடுத்துக்கொண்டு போனார்.

இயக்குநருக்குக் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும் என்ற கருத்து மட்டும் இருந்தது.

“கோடு எங்கே?”

“இதோ சார்.”

“இதுவா? முடி விழுந்து கிடக்குன்னு நெனச்சேன். ஒரு பிராந்தியம் முடியுற இடம் சார் இது. பாக்கிறவனுக்கு ஒரு மரியாதை வர வேணாமா? தடியா போடுங்க.”

வரைவாளர் அரை மில்லிமீட்டர் பேனாவால் போட்டுக் காட்டினார். “இன்னும்,” என்றார் இயக்குநர். ஒரு மில்லிமீட்டர். “இன்னும்.”

“இதுக்கு மேல தலைப்பு எழுதுற பேனாதான் சார் இருக்கு. ரெண்டு மில்லிமீட்டர்.”

“அதை ஏன் ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

தலைப்பு எழுதும் பேனாவால் கோடு போடப்பட்டது. இயக்குநர் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். நன்றாகத் தெரிந்தது. கையெழுத்திட்டார். மறுநாள் அரசிதழில் வெளியானது.

ஐந்தாம் தேதி மகளுக்காகக் கீழ்த்தளச் சாளரத்தில் வரைவாளரே போய் நின்றார். சான்றிதழ் எழுத்தர் ஒன்பது வருடப் பழக்கம். ஆனால் சாளரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவுடன் அவருக்கு யாரையும் தெரியாது. விண்ணப்பத்தைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், அளவுகோலை வைத்தார்.

“சார், உங்க வீடு கோட்டுக்கு இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல.”

“அப்ப எங்கே இருக்கு?”

“அடியில.”

“அடியிலன்னா?”

“இந்தப் படத்துல ஒரு மில்லிமீட்டர்னா நெலத்துல பத்து கிலோமீட்டர். உங்க கோடு ரெண்டு மில்லிமீட்டர். இருபது கிலோமீட்டர் அகலம். உங்க ஊர் நட்ட நடு மைக்குள்ள இருக்கு.” எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார். “உங்க ஊர் மட்டும் இல்ல. நாலு லட்சம் பேர் உள்ள இருக்காங்க. எனக்கென்ன, நான் மேற்கு ஓரத்துல குடியிருக்கேன். தப்பிச்சேன்.”

வீட்டில் செய்தியைச் சொன்னபோது மகள் சிரிக்கத்தான் செய்தாள்.

“நம்ம தலையில நீங்களே மை ஊத்தியிருக்கீங்கப்பா.”

மனைவி சிரிக்கவில்லை. “ஏங்க, சலவைக்குப் போடுற சட்டையைக்கூடப் பையில என்ன இருக்குன்னு தடவிப் பார்த்துட்டுத்தான் போடுறோம். இவ்வளவு பெரிய கோட்டைப் போடுறதுக்கு முன்னாடி அடியில யார் இருக்காங்கன்னு ஒரு வார்த்தை பார்க்க மாட்டீங்களா?”

மறுநாள் அலுவலகம் போகும் பேருந்தில் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். பஞ்சர் ஒட்டுகிற கடை, பள்ளிக்கூடச் சுவர், ஒரு வீட்டு வாசலில் கணவனோடு சண்டை போட்டுக்கொண்டே அவனுக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஒருத்தி. இத்தனையும் தன் பேனா நகர்ந்த அரை நொடிக்குள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டார். முப்பது வருடத்தில் எத்தனை ஆறுகளைப் பார்வையாக இருக்கட்டும் என்று அகலமாகப் போட்டிருக்கிறோம், எத்தனை பேரை மூழ்கடித்திருக்கிறோம் என்று ஒரு கணக்கு மனத்துக்குள் ஓடத் தொடங்கியது. நிறுத்தம் வந்துவிட்டதால் இறங்கிவிட்டார்.

நேராக இயக்குநரிடம் போனார்.

“கோட்டைப் போட்டது யாரு?” என்றார் இயக்குநர்.

“நான்தான் சார். நீங்க தடியா போடச் சொன்னீங்க.”

“தெரியுற மாதிரி போடச் சொன்னேன். அடியில ஆள் இருக்குற மாதிரி போடச் சொன்னேனா?”

“மெல்லிசா மாத்திடலாமா சார்?”

“அரசிதழ்ல வந்தாச்சு. தடிமனை மாத்தினா எல்லையை மாத்தின மாதிரி. எல்லையை மாத்தணும்னா உலக நாடுகள் திரும்பக் கூடணும். மண்டபம் இப்ப காலியா இல்லையாம்.” சற்று யோசித்தார். “நாலு லட்சம் பேர் எந்தப் பண்பாடும் இல்லாம இருக்க முடியாது. மேடத்தை ஒரு ஆய்வு பண்ணச் சொல்றேன்.”

பண்பாட்டம்மா நாற்பதாவது கேள்வியை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு அடியில் போனார். மூன்றாம் நாள் முகமெல்லாம் பிரகாசமாகத் திரும்பி வந்தார்.

“சார், இவங்க வானொலியைக் குறைக்கிறதும் இல்ல, கூட்டுறதும் இல்ல. நிறுத்திட்டு, சுவர்ல காதை வெச்சுக் கேக்குறாங்க! இது தனிப் பண்பாடு சார்!”

வரைவாளருக்குத் தெரிந்து உலகம் பூராவும் அதைத்தான் செய்தது. தங்களுக்கென்று எதுவும் மிச்சமில்லாதவர்கள் உண்மையை எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் வரைவாளரின் அபிப்பிராயத்தைக் கேட்க விதியில் இடமில்லை.

“நில அமைப்பு எப்படி?” என்று இயக்குநர் மலைக்காரரைக் கேட்டார்.

மலைக்காரர் வரைபடத்தைக் கூர்ந்து பார்த்தார். “தட்டை சார். நிறம் கறுப்பு. ஒரே சீரான கறுப்பு. இவ்வளவு பொதுவான நில அமைப்பை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை.”

பொதுவான நில அமைப்பு இருந்தது; பகிர்ந்துகொண்ட பண்பாடு இருந்தது. வரையறையைத் தட்ட முடியாது. பன்னிரண்டாம் தேதி, எல்லைக்கோட்டுப் பிராந்தியம் என்ற ஒன்று இயல்பாகவே இருந்துவந்திருப்பதாக அறிவிக்கப்பட்டது. அங்கே வசிப்பவர்கள் எல்லைக்கோட்டார் என்று அழைக்கப்பட வேண்டும்.

“இப்ப சந்தோஷம்தானே?” என்றார் இயக்குநர். “உங்களுக்குன்னு தனியா ஒரு பிராந்தியமே குடுத்தாச்சு.”

“காலேஜ் சார்... காலேஜ் பழைய பிராந்தியத்துல இருக்கே?”

“அது பக்கத்துப் பிராந்தியம். அவங்க இடத்துல நாம எப்படித் தலையிட முடியும்?”

வரைவாளர் வாசல்வரை போய்த் திரும்பினார். தொழில்முறைச் சந்தேகம் ஒன்று. “சார், பிராந்தியம்னு ஆயிட்டா அதுக்கு ரெண்டு பக்கமும் எல்லை போடணுமே?”

“பின்னே? எல்லை இல்லாத பிராந்தியம் உண்டா?”

“எந்தப் பேனாவால சார்?”

“எது நல்லா தெரியுமோ அதால.”

கறுப்புப் பட்டையின் மேற்கிலும் கிழக்கிலும் ஒட்டினாற்போல் இரண்டு கோடுகள் போட்டார். மறுநாள் காலையில் இயக்கக வாசலில் இரண்டு கூட்டங்கள் நின்றன. முன்னால் நின்றது சான்றிதழ் எழுத்தர்.

“யோவ், என் வீட்டு மேல போட்டுட்டியே!” என்றார். சாளரத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் அவருக்குப் பழக்கம் திரும்பியிருந்தது.

இயக்குநர் விதியைப் படித்துப் பார்த்தார். விதி கண்ணாடி போல் தெளிவாக இருந்தது. கோட்டுக்கு அடியில் வசிப்போர் எல்லைக்கோட்டார். எந்தக் கோடு என்று சொல்லப்படவில்லை. ஆகவே புதிய கோடுகளுக்கு அடியில் இருப்பவர்களும் எல்லைக்கோட்டார். ஆகவே பிராந்தியம் அந்தக் கோடுகளையும் உள்ளடக்கியது. ஆகவே எல்லை என்று போடப்பட்டது எல்லையில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஆகவே புதிதாக எல்லை போட வேண்டும்.

“வெளியில தள்ளிப் போடுங்க,” என்றார்.

வரைவாளர் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அளவுகோலை எடுத்தார். கறுப்பின் மேற்கு ஓரத்திலிருந்து கல்லூரிவரை வைத்துப் பார்த்தார். மூன்று சென்டிமீட்டர். அதாவது பதினைந்து கோடு. அரசிதழ் தினம் ஒன்றுதான் வரும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு கோடுதான் போட முடியும். தேதி பதினான்கு. விரல்விட்டு எண்ணினார். இருபத்தெட்டு.

இதுவரை யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர். இது தீங்கா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். நான் என்ன செய்கிறேன், விதிப்படி எல்லை போடுகிறேன். நான் போடாவிட்டாலும் இன்னொருவன் போடப்போகிறான். அவன் மெதுவாகப் போடுவான்; அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் பதில் அவருக்கே முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் அன்றைய கோட்டுக்குப் போதுமானதாக இருந்தது.

தினம் காலையில் ஒன்பது மணிக்கு வந்தார், கோடு போட்டார், கையெழுத்து வாங்கினார். மூன்றாம் நாள் இயக்ககக் கட்டடமே மைக்கு அடியில் போயிருந்தது தெரியவந்தது. ‘அலுவலகங்கள் வசிப்பதில்லை, இயங்குகின்றன’ என்ற விளக்கத்தின்பேரில் வேலை தடைபடாமல் நடந்தது.

ஆரம்பத்தில் கோடு வருகிறது என்றால் ஊர் ஊராக அழுதார்கள். ஆறாம் நாளுக்குமேல் காற்று திசை மாறியது. கோட்டுக்கு அடியில் இருப்பது நாகரிகம் என்று ஆகிவிட்டது. கறுப்புப் பட்டை போட்ட சட்டைகள் கடைக்கு வந்த அன்றே தீர்ந்தன. பெண்கள் புருவத்தை ஒரே நேர்கோடாக, இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் திருத்திக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர், எல்லைக்கோட்டார் பண்பாடு மிகத் தொன்மையானது என்றும், அதன் தொடக்கம் இன்னும் கண்டுபிடிக்கப்படாததே அதற்குச் சான்று என்றும் சொன்னார். சுவரில் காதை வைத்துக் கேட்பதற்கென்று வட்டமாக மெத்தை தைத்த வீடுகள் வாடகைக்கு வந்தன. கோடு வந்து சேராத ஊர்களிலிருந்து மனுக்கள் குவிந்தன.

“எங்க மாமியார் ஊருக்கு வந்துடுச்சு சார். எங்க ஊருக்கு நாளை மறுநாள்தானாம். அதுவரைக்கும் அவங்க பேசுற பேச்சைத் தாங்க முடியல. கொஞ்சம் வளைச்சுப் போடக் கூடாதா?” என்று ஒரு மருமகள் நேரில் வந்து கேட்டாள்.

“நேர்கோடும்மா. வளையாது,” என்றார் வரைவாளர். அப்படிச் சொன்னபோது அவருக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

இருபத்தெட்டாம் தேதி காலையில் பதினைந்தாவது கோடு கல்லூரியை மூடியது. நூலகம், விடுதி, கொடிக்கம்பம் எல்லாம் மைக்குள். கல்லூரி எல்லைக்கோட்டுப் பிராந்தியக் கல்லூரி ஆனது. இருபத்தொன்பதாம் தேதி அதே சான்றிதழ் எழுத்தர், எல்லைக்கோட்டார் என்று மகளின் பெயருக்கு நேரே எழுதி முத்திரை குத்தினார்.

பேருந்து நிலையத்தில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: “அப்பா, எனக்காக மூணு சென்டிமீட்டர் உலகத்தை அழிச்சிருக்கீங்க. நான் பாஸ் பண்ணலேன்னா ரொம்ப அசிங்கம்.”

“அழிக்கலடி. சேத்திருக்கேன்.”

“அதான்பா,” என்று சிரித்துக்கொண்டே ஏறிவிட்டாள்.

அதோடு நிறுத்திவிடலாம் என்று வரைவாளர் நினைத்தார். இயக்குநர் விடவில்லை. நாளுக்கு நாள் கறுப்பு விரிய விரிய அவருக்கு வரைபடத்தின்மேல் ஒரு பிரியமே வந்திருந்தது. “இப்பதான் சார் எனக்குப் படமே தெரியுது,” என்றார். “இன்னும் எதுக்கு ரெண்டு ரெண்டு மில்லிமீட்டரா சுரண்டிக்கிட்டு? பிரஷ் வாங்கிக்கங்க.”

பிரஷ் வந்தது. அடுத்த மாதத்துக்குள் கடல்வரை ஒரு பக்கம், மலையைத் தாண்டித் தாளின் விளிம்புவரை மறுபக்கம், நிலம் என்று இருந்ததெல்லாம் கறுப்பானது. மலைக்காரர் தன் மலை மைக்குள் மறைந்த அன்று அரை நாள் விடுப்பு எடுத்தார். மறுநாள் வந்து, மைக்குள் மேடு இருப்பதற்கான வாய்ப்பை மறுப்பதற்கில்லை என்று கோப்பில் எழுதினார். எல்லோரும் எல்லைக்கோட்டார் ஆனார்கள். வெளியே இருந்து பார்க்க யாரும் இல்லாததால் எல்லை பற்றிய கேள்வியும் எழவில்லை. உலகத்தின் இந்தப் பகுதியில் முதல் தடவையாக எல்லோரும் ஒரே பிராந்தியம். எண்ணிப் பார்த்தால் நல்ல விஷயம்தான் என்று வரைவாளர்கூட ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னார்.

ஒரே ஓர் இடம் தவிர.

பிரஷ் ஓடியபோது தாளில் ஒரு தூசி ஒட்டியிருந்திருக்கிறது. மை காய்ந்ததும் தூசி உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தில் எள்ளளவு வெள்ளை. யாரும் கவனிக்கவில்லை, அதற்குள் வசித்தவர்களைத் தவிர.

அந்த ஊரிலிருந்து ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர் வந்திருந்தார். சாளரத்தில் இனி விண்ணப்பம் வாங்க வேலை இல்லாததால் எல்லாரும் நேராக வரைவாளரின் அறைக்கே வந்து கொண்டிருந்தார்கள்; கதவுக்கு வெளியே நீண்ட வரிசை. வரிசையில் நின்றவர்களுக்குப் பெரிய காரியம் எதுவும் இல்லை. தங்கள் ஊர் மையின் நடுப் பகுதியில் இருக்கிறதா, ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டதா என்று எழுதி வாங்க வந்தவர்கள். நடுவில் இருந்தால் மதிப்பு அதிகம்.

கடிகாரக்காரர் தன் கண்ணில் மாட்டும் லென்ஸோடு வரைபடத்தின்மேல் குனிந்து, “இதுதான் சார் எங்க ஊர்,” என்று விரல் வைத்தார். “என் பொண்ணு வானிலை படிக்குது. பழைய பிராந்தியச் சான்றிதழைக் குடுத்து முன்னாடியே சேந்துட்டுது. இப்ப எல்லைக்கோட்டார் சான்றிதழ் கேக்குறாங்க. இந்த வெள்ளிக்கிழமை கடைசி. நீங்க இந்த எடத்துல ஒரு புள்ளி வெச்சா போதும்.”

“இவ்வளவுதானே?” வரைவாளர் பேனாவை எடுத்தார். தலைப்பு எழுதுகிற பேனா. ஒரே புள்ளி, வேலை முடிந்தது.

“சார், ஒரு நிமிஷம்,” என்றது வரிசையில் ஒரு குரல். “இவங்க என்ன ஏதுன்னு விசாரிச்சீங்களா?”

“இத்தனை நாளா வெள்ளையா இருந்துட்டு இப்ப வந்து ஒட்டிக்கிறதா?” என்றது இன்னொன்று. “நம்ம பண்பாடு என்னாவறது?”

சொன்னது சான்றிதழ் எழுத்தர். அவருடைய பண்பாட்டுக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது.

வரைவாளர் அவரை முறைத்துவிட்டு மறுபடி குனிந்தபோது மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. மகள்.

“அப்பா, ஒரு விஷயம். யாராவது அந்த வெள்ளைப் புள்ளி ஊர்லேர்ந்து வந்தாங்களா?”

“ஏம்மா?”

“என் பக்கத்து சீட்ல ஒரு பொண்ணு. நல்ல பொண்ணுதான்பா. வந்த முதல் நாள் எனக்கு நோட்ஸ் எல்லாம் குடுத்தது அதுதான். காத்தழுத்தம்லாம் தூங்கி எழுந்து சொல்லும். இந்த வருஷம் ஆராய்ச்சிக் கப்பலுக்கு வகுப்புல ஒருத்தரைத்தான் எடுக்கிறாங்க. அது இருந்தா அதுதான் போகும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் எதுவும் சொல்லலப்பா. விதின்னு ஒண்ணு இருக்கே, அதை மட்டும் பாத்துக்கங்க. அவங்க பழக்கவழக்கமெல்லாம் கொஞ்சம் வேற மாதிரி.”

“எப்படி வேற மாதிரி?”

“அவ எல்லாரும் ஒண்ணுதான்னு நெனக்கிறாப்பா. நமக்கு அது ஒத்து வராது.”

வரைவாளர் தொலைபேசியை வைத்தார். பேனா கையிலேயே இருந்தது. அதன் முனை வெள்ளைப் புள்ளிக்கு ஓர் அங்குல உயரத்தில் நின்றது. மகளிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. கையை எவ்வளவு கீழே இறக்க வேண்டும் என்றும் தெரிந்தது. கடலில் ஒரு கப்பல் அவர் கண்ணில் வந்துவந்து போனது. அதன் மேல்தளத்தில் காற்றுமானியோடு நின்றுகொண்டிருந்தது யார் என்பதையும் அவரால் பார்க்க முடிந்தது.

எதிரே நின்றவரின் முகத்தைப் பார்க்காமல், “மை காஞ்சு போயிருக்கு,” என்றார். “அடுத்த வாரம் வாங்க.”

கடிகாரக்காரர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று ஆடிக்கொண்டிருந்தது.

“காயலையே சார்,” என்றார் பணிவாக.

“அவர்தான் காஞ்சிருக்குன்னு சொல்றாருல்ல?” என்றது வரிசை.